ஆடாம நில்லுங்க!

ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு 'ஆடாம நில்லுங்க' என்று அதட்டிய காலம் ஒன்று உண்டு. குழந்தை ஆடிவிட்டால் ஃபோட்டோ போச்சு. அப்படி ஆடிப்போன மூஞ்சிக்குத்தான் இப்போது திருப்பூரில் கிராக்கி. கறுப்பு வெள்ளையில், மூக்கு எங்கே முடிந்து காது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத முகம். அதை நெஞ்சில் அச்சடித்தால் டி-ஷர்ட்.

கேமராவே வேண்டாம். ஏ.ஐ.யிடம் எழுதிக் கொடுத்தால் நாலு படம் வரைந்து தருகிறது. எப்படி? டி.வி. ஆன்டெனாவைக் காக்கா தள்ளிவிட்டால் ஒரு புள்ளி மழை பெய்யுமே, ஏறக்குறைய அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. கோடிக்கணக்கான படங்களில் புள்ளியைத் தூவி, அதை எப்படி நீக்குவது என்று கற்றுக்கொண்ட யந்திரம் அது. நீங்கள் கேட்ட முகம் வரும்வரை படிப்படியாகப் புள்ளியைத் துடைக்கும். அதற்கு ஷட்டர் கிடையாது. அரை நொடி என்றால் என்னவென்றும் தெரியாது. அதனால் சும்மா 'மங்கலாக' என்று கேட்டால் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி ஒன்றைத் தள்ளிவிடும். 'தலையை இடமிருந்து வலமாகத் திருப்புகிறார், ஷட்டர் கால் நொடி, கேமரா ஸ்டாண்டில் நிற்கிறது, பின்னணி கறுப்பு' என்று காரணத்தோடு கேட்க வேண்டும். அப்போதும் உற்றுப் பாருங்கள். தலை பறக்கும், கண்ணிமை முடி மட்டும் எண்ணிவிடலாம் போலக் கூர்மையாக நிற்கும்.

நிஜக் கேமராவில் இந்தத் திருட்டுத்தனம் நடக்காது. 1838-ல் டாகர் பாரிஸ் வீதியைப் படமெடுத்தபோது, நிமிடக் கணக்கில் வெளிச்சம் காட்ட வேண்டியிருந்ததால், நடந்து போன ஜனமெல்லாம் மாயம். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருத்தர் தப்பினார். நம் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மாளுக்கு (பெயரே கேமரன்!) 48 வயதில் கேமரா பரிசாக வந்தது. அவர் எடுத்த முகங்கள் மங்கல் என்று லண்டனில் கேலி செய்தார்கள். 1875-ல் இலங்கைக்குப் போய் 1879-ல் அங்கேயே காலமானார். இன்று அந்த மங்கலைத்தான் மியூசியங்களில் மாட்டி வைத்திருக்கிறார்கள். 1911-ல் இத்தாலியில் பிரகாலியா சகோதரர்கள் டைப் அடிப்பவரின் கைகளை எடுத்தார்கள். விரல் ஐந்தா, ஐம்பதா என்று தெரியாது.

பிரின்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இந்தச் சரித்திரமெல்லாம் வேண்டாம். பையருக்கு சாம்பிள் போக வேண்டும். ஏ.ஐ. படத்தை ஸ்கிரீனில் ஏற்றினார். இங்கே ஒரு சிக்கல். கறுப்பு மையில் சாம்பல் நிறம் கிடையாது. புள்ளியைச் சிறிசாக, பெரிசாகப் போட்டுத்தான் கண்ணை ஏமாற்ற வேண்டும். பனியன் துணியின் கண்ணிகள் பொடிப் புள்ளியை விழுங்கிவிடும். பெரிய புள்ளிகள் ஊறி ஒட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் புகையாகத் தெரிந்த கன்னம் துணியில் தார் ரோடு.

"ஏனுங்ண்ணா, ஒரு ஹீரோ மூஞ்சியை எடுத்து ஆட்டி விட்ருவமா? யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் மைத்துனன்.

தெரியும் தம்பி. 2015-ல் ரஜினிகாந்த் பெயரை வைத்து வந்த இந்திப் பட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இதுதான்: பார்த்தவுடன் இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலே போதும், அனுமதி இல்லாமல் பயன்படுத்தியது தப்பு. அடையாளம் தெரியாத அளவுக்கு ஆட்டினால் அப்புறம் எதற்கு ஹீரோ?

பட்டறையில் டிசைன் பார்க்கும் பையன்தான் பாவம். பதினைந்து வருஷமாக ஃபிலிம் பிரித்துக் கொடுத்தவன். "எழுதினா வந்துருதுன்னா எனக்கென்னங்ண்ணா வேலை?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. செல்ஃபோனை எடுத்துக்கொண்டு பக்கத்து யூனிட்டுக்குப் போனான். அங்கே ஓவர்லாக் அடிக்கும் அக்காவிடம் கேட்டு, ஃபோனை ஸ்டூலில் சாய்த்து, கால் நொடியில் எடுத்து வந்தான். மெஷின் அசையாமல் இருக்கிறது. துணி வெள்ளை ஆறாக ஓடுகிறது. கை நாலைந்து. முகம் ஒரு திருப்பு. சாம்பல் பகுதியைக் குறைத்துப் பெரிய புள்ளியாகவே போட்டான், துணியில் நின்றது. ஏ.ஐ. படம் ஒன்று, இது ஒன்று என்று இரண்டு சாம்பிளும் போயிருக்கின்றன.

அக்கா வந்து பார்த்தார். "இதுக்கு எனக்கு என்னங்க குடுப்பீங்க?"

"மூஞ்சியே தெரியலையேம்மா, எதுக்குக் காசு?" என்றார் நண்பர்.

"தெரியாததுக்குத்தானுங்களே அந்த வெள்ளைக்காரன் உங்களுக்குக் குடுக்கறான்?"

நண்பர் பர்ஸை எடுத்தார். எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை.