காலையில் செத்துக் கிடந்த கோழி

நேற்று மாலை வரை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழி, காலையில் கூண்டைத் திறந்து பார்த்தால் விறைத்துக் கிடக்கிறது. காயமில்லை, நாய் கடித்த தடமில்லை. கெடா தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. லயத்தை விட்டுச் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களிலும் பலர், பின்புறத்தில் நாலு நாட்டுக்கோழியை விடாமல் வளர்க்கிறார்கள். அதில் ஒரு சேவல் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டதாகவும் இருக்கும்.

கோழி செத்ததும் வீட்டில் மூன்று குரல்கள் எழும். “கண்ணு பட்டுடுச்சு” என்பார் பாட்டி. “பக்கத்து வீட்டுக்காரன்தான் எதையோ வச்சிட்டான்” என்பார் இன்னொருவர். “இப்பத்தான் செத்திருக்கு, வீணாக்குவானேன்? மஞ்சள் போட்டு ஆக்கிடலாம்” என்பார் மூன்றாமவர். பாட்டி சொன்னதால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டாவது பேச்சு இரண்டு குடும்பங்களை வருடக்கணக்கில் பேசாமல் அடித்துவிடும். மூன்றாவது பேச்சுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: செத்தது ஒன்றா, பலவா?

ஒன்று மட்டும் செத்து மற்றவை நன்றாக மேய்ந்தால், வெயிலை முதலில் நினையுங்கள். 2016 ஏப்ரலில் கெடாவிலும் பெர்லிஸிலும் வெப்பம் தாங்காமல் பள்ளிகளையே மூடினார்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணிக்கும். தகரக் கூரையின் கீழ், தண்ணீர் வற்றிய தட்டோடு அடைபட்ட கோழிக்கு ஒரு மத்தியானம் போதும். முட்டை உள்ளே சிக்கிக்கொண்டும் பெட்டைக்கோழி சாகும்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலி மருந்தையும் கணக்கில் சேருங்கள். அந்த மருந்துகளில் பல, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற கோழி சில நாள் கழித்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து சாகலாம். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. மருந்து எலிக்கு வைத்தது. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இரண்டு நாளில் மூன்று, நான்கு என்று விழுந்தால் கதை வேறு. நம் பெரியவர்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் நோய் அப்படித்தான் வரும். கழுத்து முறுக்கும், எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகும். சில கோழிகள் எந்த அறிகுறியும் காட்டாமலே சாகும். இங்கிலாந்தின் நியூகாசல் நகரத்தின் பெயரைத் தாங்கிய இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை, தடுப்பு மருந்து உண்டு.

அந்தத் தடுப்பு மருந்தில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சாதாரணத் தடுப்பு மருந்து குளிரில் இருக்க வேண்டும். மரத்தில் அடையும் நாட்டுக்கோழியைத் துரத்திப் பிடித்து ஊசி போடுவதும் லேசான வேலையல்ல. 1980-களில் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமும் (இன்றைய புத்ரா பல்கலைக்கழகம்) ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கினார்கள். அதைத் தீனியில் கலந்து கொடுக்கலாம். பெரிய பண்ணைகளை அல்ல, நம்மைப் போல் பத்துக் கோழி வளர்ப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த மருந்து அது.

இன்னொரு நோயும் உண்டு. எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2004-இல் தாய்லாந்து எல்லையோர மாநிலமான கிளந்தானில் முதலில் வந்தது. 2006-இல் சிலாங்கூர், பேராக், பினாங்கு வரை வந்தது. பினாங்கும் தாய்லாந்தும் கெடாவுக்கு அண்டை வீடுகள். வெள்ளைக்கழிச்சலா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பரிசோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சலோ மனிதரையும் கொல்லக்கூடியது. அந்தக் கோழியை உரித்துச் சுத்தம் செய்பவருக்குத்தான் முதல் ஆபத்து.

ஆகவே, தானாகச் செத்த கோழியைச் சட்டியில் போடாதீர்கள். நாய்க்கும் போடாதீர்கள், கால்வாயில் வீசாதீர்கள். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். ஒன்றுக்கு மேல் செத்திருந்தால் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். வடக்கு மாநிலங்களுக்கென்று புக்கிட் தெங்காவில் கால்நடைப் பரிசோதனைக்கூடமே இருக்கிறது. ஒரே ஒரு கோழி என்றால் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மிச்சக் கோழிகள் சாவதற்குள் விற்றுவிடலாம் என்று பாசாருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும். புதிதாக வாங்கும் கோழியை இரண்டு வாரம் தனியாக அடைத்து வைத்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

முக்கியமாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் கோழியும் உங்கள் கோழியும் ஒரே குப்பைமேட்டைத்தான் கிளறுகின்றன.