'போர்க்' என்றால் பெருமை, பன்றிக்கறி என்றால் கூச்சமா?

போன மாதம் பேராதனையில் எங்கள் போர்டிங்கில் ஒரு ஜெர்மன் சமையல் செய்து பார்த்தோம். சவர்க்ரவுட், அதாவது உப்பில் புளிக்க வைத்த கோவா சேர்த்து, மெல்லிய தீயில் வேகவைக்கும் பன்றி இறைச்சி.

2 கிலோ நுவரெலியா கோவாவை மெல்லிதாக அரிந்து, 40 கிராம் உப்புப் போட்டு, தண்ணீர் விடும்வரை கையால் பிசைந்து, போத்தலில் அமுக்கி வைத்தோம். வினாகிரி ஒரு சொட்டுக்கூட இல்லை. கோவாவில் இருக்கும் பக்டீரியாவே அதன் சீனியை லக்டிக் அமிலமாக்கிவிடும். தயிர் புளிப்பதும் இப்படித்தான். குளிர்நாட்டில் பல வாரம் எடுக்கும் வேலை, கண்டி வெப்பத்தில் 10 நாளில் முடிந்தது.

கொழுப்போடு இருக்கும் இறைச்சியை வெங்காயம், மிளகோடு வதக்கி, கோவாவைப் போட்டு இரண்டரை மணித்தியாலம் மூடி வைத்தோம். 2022இல் காஸ் கியூவில் நின்றவர்களுக்கு இது கொஞ்சம் துணிச்சல்தான்!

சாப்பிட்டதும் ஆச்சரியம். கண்டிப் பக்கச் சிங்கள வீடுகளில் ஊருமஸ் கறிக்குக் கொறக்காவும் மிளகும் போடுவார்களே, அதே கணக்கு. கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு வெட்டுகிறது.

ஆனால் எழுத நினைத்தது ருசியைப் பற்றி அல்ல. சமைக்கும்போது எங்களில் ஒருவர், "யாராவது கேட்டா போர்க்னு சொல்லு, பன்றிக்கறின்னு சொல்லாத" என்றார். சிரித்துவிட்டோம். பிறகுதான் உறைத்தது. ஹோட்டல் மெனுவில் 'போர்க் சாப்ஸ்' இருந்தால் போட்டோ எடுத்துப் போடுகிறோம். தோட்டத்து லயத்தில் அதே இறைச்சி கொதித்தால், அந்த வீட்டுச் சாதியைக் கணக்குப் போடுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

"முஸ்லிம் நண்பர்களை மதிக்கத்தானே அடக்கி வாசிக்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். அந்த மரியாதை கட்டாயம் வேணும். அன்றைக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டிதான் வைத்தோம். ஆனால் அவர்கள் விலக்குவது ஒரு உணவை. நம்மவர்கள் விலக்குவது அதைச் சமைக்கிற ஆளை. இதை மறைக்க அவர்களுடைய நம்பிக்கையைச் சாட்டாக இழுக்காதீர்கள்.

அடுத்த முறை கொறக்கா போட்டுச் சமைக்கப்போகிறோம். சாப்பிடுகிறவர்களைப் 'பன்றிக்கறி' என்று சொல்லியே கூப்பிடுவோம்.