முதலில் வாசற்படி

சைக்கிளுக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் குழந்தை வண்டி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் மெத்தையைத்தான் அமுக்கிப் பார்க்கிறார்கள். அப்புறம் நிறம். அப்புறம் விலைச் சீட்டு. அதைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். ஜெர்மனியில் நல்ல வண்டி ஒன்று ஆயிரம் யூரோவை எட்டிவிடுகிறது. இங்கே கொலோனில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பியும் அவர் மனைவியும், “அக்கா, நீங்களும் கூட வாங்க” என்று கூப்பிட்டபோது நான் கேட்டது ஒன்றுதான்: ராத்திரி இதை எங்கே நிறுத்துவீர்கள்?

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சைக்கிள் நிறுத்தும் நிலவறைக்கு இறங்கும் கதவு ஒடுக்கம். இரண்டு குழந்தை உட்காரும் வண்டியின் அகலம் 80 சென்டிமீட்டரைச் சுலபமாகத் தாண்டும். சக்கரத்தைக் கழற்றி மடக்கலாம், உண்மைதான். விற்பனையாளர் அரை நிமிடத்தில் மடக்கிக் காட்டுவார். அவர் இடுப்பில் அழுகிற பிள்ளை இருக்காது, வெளியே மழையும் பெய்யாது.

ஒரு பிள்ளைதானே, ஒற்றை இருக்கை போதும் என்றேன். “இன்னொன்று பிறந்தால்?” என்றார் கடைக்காரர். ஊரிலிருந்து மாமியார் போனில் கேட்டுக்கொண்டிருக்கும் அதே கேள்வி. பிறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அகல வண்டியின் கஷ்டம் சாலையில்தான் தெரியும். சைக்கிள் பாதையின் குறுக்கே நட்டிருக்கும் கம்பங்களுக்கு நடுவே ஹேண்டில்பார் நுழைந்துவிடும், பின்னால் வரும் சக்கரம் இடிக்கும். வளைவில் வண்டி எப்போதும் சைக்கிளைவிட உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வேகமாகத் திரும்பும்போது ஒரு சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறினால் கவிழ்ந்துவிடவும் கூடும்.

மெத்தைக்குச் செலவழிக்கும் நேரத்தை இணைப்புக்குச் செலவழியுங்கள் என்பது என் கட்சி. வண்டியின் இழுகம்பி சைக்கிளின் பின்சக்கர அச்சில் இடதுபுறம் மாட்டுகிறது. நடுவில் பந்து மூட்டோ வளையும் ரப்பர் மூட்டோ இருக்கும். சைக்கிள் சாய்ந்து விழுந்தாலும் வண்டி நிமிர்ந்து நிற்பது அதனால்தான். பின்சீட்டில் உட்கார்ந்த பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சைக்கிளோடு சேர்ந்து, அதுவும் உயரத்திலிருந்து, விழ வேண்டியதுதான். மூட்டு விட்டுப்போனாலும் வண்டி தனியே ஓடிவிடாதபடி சைக்கிள் சட்டத்தில் சுற்றி மாட்ட ஒரு பாதுகாப்புப் பட்டை உண்டு. அதைச் சோம்பேறித்தனமாகத் தொங்கவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

இதில் சிக்கல், அச்சுகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. பழைய சைக்கிளில் நட்டு, சிலவற்றில் நெம்புகோல் அச்சு, புதியவற்றில் துளை வழியே ஊடுருவும் தடித்த அச்சு. கடைசி வகையில் நீளமும் மரை இடைவெளியும் பொருந்த வேண்டும். அந்த இடது பக்கத்தில்தான் டிஸ்க் பிரேக்கும் இருக்கும். கார்பன் சட்ட சைக்கிள்கள் பலவற்றில் வண்டி இழுக்கவே கூடாது என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். போதாததற்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பூட்டு: கனடாவின் கால்கரியில் பிறந்து 2011-இல் ஸ்வீடனின் தூலே கைக்குப் போன சாரியட்டுக்கு ஒன்று, இங்கே கொலோனை ஒட்டிய ஹூர்ட் ஊரின் குரூஸருக்கு ஒன்று. அதனால் வண்டி பார்க்கப் போகும்போது சைக்கிளையும் ஓட்டிக்கொண்டே போய்விடுங்கள்.

உள்ளே ஐந்து முனை பெல்ட் இப்போது பொதுவாக எல்லாவற்றிலும் இருக்கிறது. ஹெல்மெட் கட்டாயமில்லை என்றாலும் போட்டுவிடுவதே நல்லது. ஆனால் முதுகுச் சாய்வின் மேற்புறத்தில் அதற்கு ஒரு பள்ளம் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையின் தலை முன்னால் தள்ளப்பட்டு மோவாய் மார்பில் இடிக்கும். ஸ்பிரிங் இல்லாத வண்டியில் டயருக்கு விறைப்பாகக் காற்றடித்தால் கல் பாவிய தெருவில் உள்ளே இருக்கும் பிள்ளையைக் குலுக்கி எடுத்துவிடும். கொடி மட்டும் அலங்காரம் இல்லை. அவ்வளவு தாழ்வான வண்டியை லாரிக்காரர் கண்டுபிடிக்க அது பெரிதும் உதவும். சென்னைக்கு ஒன்று அனுப்பு என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் மறுப்புச் சொல்வதும் இதனால்தான். பஸ் புகைக்குழாய் மட்டத்தில் பேரப்பிள்ளையை உட்காரவைக்க வேண்டாம்.

எந்த வயதில் ஏற்றலாம்? இங்கே கைக்குழந்தைக்குத் தொட்டில் துணியே தனியாக விற்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமோ, ஒரு வயது நிறையும் முன் சைக்கிள் பயணமே வேண்டாம் என்கிறது. நான் அவர்கள் பக்கம். ஜெர்மன் சட்டத்தில் மேல் எல்லை 7 வயது நிறையும் வரை, ஒரு வண்டியில் இரண்டு குழந்தைகள், ஓட்டுகிறவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் நாலைந்து வயதிலேயே பிள்ளைகள் தனிச் சைக்கிள் கேட்டு இறங்கிவிடுவார்கள். அதனால் பழைய வண்டிகள் நல்ல நிலையில் நிறையக் கிடைக்கின்றன. வாங்கும்போது மூட்டின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, வெயிலில் பெல்ட் நைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தம்பி வாங்கியதும் பழைய ஒற்றை வண்டிதான், பாதி விலைக்கும் குறைவு. அச்சுக்கான இணைப்புத் துண்டு இன்னும் வரவில்லை. அதுவரை வண்டி கூடத்தில் நிற்கிறது. சோறு ஊட்ட ரொம்ப வசதி என்கிறார் அவர் மனைவி. பெல்ட் போட்டுவிட்டால் எழுந்து ஓட முடியாதாம்.