வால்வு மேல பழியைப் போடாதீங்க!

கல்வராயன் மலைக்கு வேன் பிடித்துக் கிளம்பும் கூட்டம் மறக்காமல் ஏற்றுவது மூன்று: பாய், பாத்திரம், வீட்டு கேஸ் சிலிண்டர். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் அது உருளாமல் இருக்க, சீட்டுக்கு அடியில் படுக்க வைத்துவிடுவார்கள். அருவிக்குப் பக்கத்தில் வேனுக்குள்ளேயே அடுப்பைப் பற்ற வைத்ததும் ஒரு குரல்: "ரெகுலேட்டர் சுடுதே!" உடனே ஈரத்துணி சுற்றப்படும். "வால்வு சரியில்லப்பா" என்று தீர்ப்பும் வந்துவிடும். பாவம் வால்வு!

உண்மை என்ன? சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட புரொப்பேனும் பியூட்டேனும். திரவம் வாயுவாக மாறும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். அதாவது கேஸ் போய்க்கொண்டிருக்கும் வால்வு குளிரத்தான் வேண்டும். சுடுகிறது என்றால் சூடு வெளியிலிருந்து வருகிறது. அடுப்பு ஒட்டி இருக்கும், வெயில் நேராக அடிக்கும், அல்லது கசியும் கேஸ் அங்கேயே எரியும். இதில் எதற்கு ஈரத்துணி மருந்து?

படுக்க வைத்த சிலிண்டர் இன்னும் மோசம். வாயு போக வேண்டிய வழியில் திரவமே போகும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். அது காற்றை விட கனமானது என்பதால் வேனின் தரையிலேயே தங்கும்.

"இத்தனை வருஷமா இப்படித்தானே போறோம், என்ன ஆச்சு?" என்பார்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் ஆனது. லக்னோவிலிருந்து வந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் விதியை மீறி ஏற்றிய சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். பெட்டி நின்றுகொண்டுதான் இருந்தது. வேன் அதைவிடச் சின்னது, கதவும் குறைவு.

வால்வு சுட்டால் செய்ய வேண்டியது எளிது. அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, ஆட்களை இறக்க வேண்டும். தீ இல்லையென்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டு, சிலிண்டரைத் திறந்த வெளியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்யவோ சுவிட்சைத் தொடவோ கூடாது. கசிவுக்கு 1906. தீ தெரிந்தால் எல்லோரும் விலகி 101. கசிவைச் சோதிக்க சோப்பு நுரை போதும், தீக்குச்சி வேண்டாம்!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்கிறது 2000ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. ஆணை. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று சாப்பாட்டோடு வசூலிக்கும் டூர்காரர் 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்காமல் வீட்டு சிலிண்டரைத் தூக்கி வருவது சிக்கனமா? இல்லை. லாபம் அவருக்கு, ஆபத்து பயணிக்கு. மலையேறும் வண்டியில் சாராயம் தேடும் கை, சீட்டுக்கு அடியிலும் கொஞ்சம் தேடட்டும்.