டி டிரைவில் போடத் தனிக் காசு

கட்டில் வாங்குகிறோம். கடை ஆட்களே கொண்டுவந்து இறக்குகிறார்கள். எந்த ரூமில் போடுவது என்று நம்மைக் கேட்பார்கள். "முன் ரூமில்தான் போடுவோம் சார், உள் ரூம்னா தனிக் காசு" என்றால் சும்மா விடுவோமா? மென்பொருள் விஷயத்தில் மட்டும் விட்டுவிடுகிறோம்.

என் லேப்டாப்பில் சி டிரைவ் 128 ஜிபி எஸ்எஸ்டி. டி டிரைவ் 1 டிபி ஹார்ட் டிஸ்க். கொஞ்ச வருஷம் முன்பு பட்ஜெட்டுக்குள் லேப்டாப் வாங்கிய பலருக்கும் இதே கதைதான். விண்டோஸ், அதன் அப்டேட் மூட்டைகள், ஓர் ஆண்ட்ராய்டு எமுலேட்டர்... சி டிரைவ் காலி. அதாவது, இடம் காலி!

போன செமஸ்டரில் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. ஒரு கம்பைலர் தேவைப்பட்டது. பேக்கேஜ் மேனேஜரில் ஒரே வரி தட்டினால் அதுவே இறக்கி, அதற்கு வேண்டியதையும் இறக்கி, எல்லாவற்றையும் நிறுவிவிடும் அல்லவா? தட்டினேன். ஒரு வார்த்தை கேட்காமல் சி டிரைவில் போய் உட்கார்ந்தது, பாதியில் இடம் தீர்ந்து செத்தது. டி டிரைவில் 700 ஜிபி சும்மா கிடந்தது. விடியும் வரை நான் எழுதியது நிரல் அல்ல, டெலீட் கட்டளைகள்.

சீனியர் ஒருவரிடம் புலம்பினேன். "பேசாம பெரிய எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கிப் போடேன் தம்பி" என்றார். நல்ல யோசனை. காசை யார் தருவது?

விண்டோஸுக்கான சாக்லேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும் ஒரே மாதிரி "இந்த டைரக்டரியில் போடு" என்று சொல்லும் வசதி அதன் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இலவசப் பதிப்பில் வழியே இல்லையா? இருக்கிறது, அதுதான் கொடுமை. உள்ளே இருக்கும் இன்ஸ்டாலர் எந்த வகையறா என்று நீங்களே துப்பறிந்து, அதற்குரிய மந்திரத்தை அனுப்ப வேண்டும். எம்எஸ்ஐ என்றால் பெரும்பாலும் 'இன்ஸ்டால்டிர்'. தொகுத்தவர் வேறு பெயர் வைத்திருந்தால் அதுவும் பலிக்காது. இன்னோ செட்டப் என்றால் 'டிர்'. என்எஸ்ஐஎஸ் என்றால் வெறும் 'டி'. அதுவும் கட்டளையின் கடைசியில்தான் வரவேண்டும், பாதையில் இடைவெளி இருந்தாலும் மேற்கோள் குறி போடக்கூடாது. இந்தத் தலைவலியைத் தீர்ப்பதற்குத்தான் காசு. சம்பாதிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆயிரம் கணினி வைத்திருக்கும் கம்பெனிக்கு நிர்வாக வசதிகளை விற்கட்டும், விற்கிறார்கள். என் டிஸ்கில் எந்த மூலையில் என்பதை எனக்கே விற்பதுதான் உறுத்துகிறது.

மைக்ரோசாஃப்டின் விங்கெட் (1.0 வந்தது 2021-இல்) இதற்கு ஓர் ஆப்ஷனை இலவசமாகவே தருகிறது. ஆனால் இன்ஸ்டாலர் ஒத்துழைத்தால்தான் உண்டு.

மறுதரப்பு சொல்வதில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பல மென்பொருள்களில் கம்பைல் செய்யும்போதே பாதை உள்ளே பொறிக்கப்பட்டுவிடும். மேக்கில் ஹோம்ப்ரூவை அதன் வழக்கமான இடத்தைவிட்டு வேறு இடத்தில் வைத்தால், தயாராக வைத்திருக்கும் பைனரிகள் பல உதவாது. சோர்ஸிலிருந்து கம்பைல் செய்துகொண்டு உட்கார வேண்டியதுதான். பைத்தான் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை வேறு டைரக்டரிக்கு நகர்த்திப் பார்த்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

ஆனால் இது இயற்கை விதியா என்ன? தான் எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிரல் ஓடும்போதே விண்டோஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். லினக்ஸில், லைப்ரரியைத் தன் பக்கத்திலேயே தேடு என்று பைனரிக்குள் எழுதிவைக்க முடியும். ஆர்பிஎம்மில் இடம் மாற்றக்கூடிய பேக்கேஜ் செய்வதற்கு, 1997-இல் வந்த 'மேக்ஸிமம் ஆர்பிஎம்' புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. முடியாததால் அல்ல, பேக்கேஜ் செய்பவர் மெனக்கெடாததால்தான் நாம் சி டிரைவில் நெருக்கியடித்துக் கிடக்கிறோம். அந்தக் காலத்துச் செட்டப்பில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் நடுவில் 'பிரவுஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததே! முன்னேற்றம் என்ற பெயரில் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

விண்டோஸிலேயே ஸ்கூப் இருக்கிறது. யூசர் ஃபோல்டரில்தான் நிறுவும், பெரும்பாலும் அட்மின் உரிமை கேட்காது. லேப் கணினியில் அட்மின் பாஸ்வேர்டு கிடைக்காத மாணவனுக்கு இதன் அருமை தெரியும். நிறுவும்போதே ஸ்கூப் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் வேறு டைரக்டரியைக் கொடுத்தால் மொத்தக் குடித்தனமும் அங்கே போய்விடும். பெரும்பாலும் ஸிப் கோப்பைப் பிரித்துவைக்கும் வேலைதான் என்பதால் அதற்கு இது சுலபம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் மற்றவர்களும் ஸிப்பாகத் தரட்டுமே, யார் தடுத்தது?

இப்போது என் கம்பைலர் டி டிரைவில் ஸ்கூப் வழியாக ஓடுகிறது. அடம்பிடிக்கும் இரண்டு மென்பொருள்களை டி-க்கு நகர்த்தி, எம்கேலிங்க் கட்டளையால் சி-யிலிருந்து ஒரு ஜங்ஷன் போட்டு ஏமாற்றி வைத்திருக்கிறேன். அவை இன்னும் சி டிரைவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கின்றன, பாவம்.