குரூப் ஏழு இருக்கு... பதில் எங்கே இருக்கு? சிதறிக் கிடக்கும் தமிழ் லினக்ஸ் பேச்சு

போனை எடுத்து ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். டெக் சம்பந்தமாக எத்தனை குரூப்பில் இருக்கீங்க? காலேஜ் கோடிங் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப், அதில் இடம் பத்தாமல் ஆரம்பித்த டெலிகிராம் குரூப், ஹேக்கத்தானுக்காகச் சேர்ந்து அப்புறம் மறந்துபோன டிஸ்கார்ட் சர்வர், யாரோ ஒரு சீனியர் சொல்லிச் சேர்ந்த மெயிலிங் லிஸ்ட்... சந்தேகம் ஒன்று வந்தால், பதில் தேடுவதற்கு முன்னாடியே 'இதை எங்க கேக்குறது?' என்பதில் பாதி நேரம் போய்விடுகிறது.

இது சும்மா ஒரு சோம்பேறித்தனப் பிரச்னை இல்லை. பிளவக்கல்லில் இருக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் தெரியாதவர்களுக்கு: வத்திராயிருப்பு பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். பெயர் ஒன்றுதான் என்றாலும் அங்கே இருப்பது இரண்டு அணைகள். ஒன்று பெரியாறு, இன்னொன்று கோவிலாறு. (முல்லைப்பெரியாறோடு குழப்பிக்க வேண்டாம், இது வேற பெரியாறு.) கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது, ராஜபாளையத்தில் ராம்கோ இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க அவர் மாவட்டத்தை விட்டே போக வேண்டியதில்லை.

ஆனால், லினக்ஸ் ஆர்வலர்கள் நேரில் கூடும் இடத்துக்குப் போகணும்னா? சென்னையின் லினக்ஸ் பயனர் குழுவான ஐஎல்யுஜிசி, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடுவதைப் பல வருட வழக்கமாகவே வைத்திருக்கிறது. அடையாறிலோ தாம்பரத்திலோ இருப்பவர் அங்கே போய், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "அண்ணே, இது ஏன் இப்படி வருது?" என்று கேட்டுவிடலாம். பிளவக்கல்காரருக்கு அது ஓர் இரவு முழுக்கப் பயணம். அவருக்குத் தெரிந்த மொத்த கம்யூனிட்டியும் அந்த ஆறு இன்ச் ஸ்க்ரீனுக்குள்தான் இருக்கிறது. அது ஏழாக உடைந்து கிடந்தால், நஷ்டம் அதிகம் அவருக்குத்தான்.

ஒரே கேள்வி, நூறு தடவை

எல்லா குரூப்பிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'உபுண்டுவில் தமிழ்99 எப்படி டைப் பண்றது?' பதில் ரொம்பச் சின்னது. ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, செட்டிங்ஸில் தமிழ்99-ஐச் சேர்த்தால் முடிந்தது. இதை டெலிகிராமில் ஒருவர் அருமையாக விளக்கியிருப்பார். அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் வேறொருவர் வாய்ஸ் நோட்டில் சொல்லியிருப்பார். அதற்கடுத்த மாதம் டிஸ்கார்டில் ஸ்க்ரீன்ஷாட்டோடு இன்னொருவர்.

இவற்றில் எதுவும் கூகுளில் தேடினால் கிடைக்காது. வாட்ஸ்அப் குரூப்பில் புதிதாகச் சேர்ந்தால், அதற்கு முன்னால் நடந்த பேச்சு முழுசாகக் கைக்கு வராது. வாய்ஸ் நோட்டைத் தேட வழியே இல்லை. எழுத்தில் இருந்தாலும் அது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். 'எப்படி' என்ற ஒரே வார்த்தையை நாம் நாலு விதமான ஸ்பெல்லிங்கில் அடிக்கிறோம். எந்த ஸ்பெல்லிங்கைப் போட்டுத் தேடுவது?

விளைவு என்ன? பதில் சொல்லும் ஆர்வமுள்ள பத்துப் பேர், சொன்னதையே சொல்லிச் சொல்லிக் களைத்துப்போகிறார்கள். ஒருகட்டத்தில் 'பின்ன்டு மெசேஜைப் பாருங்க ப்ரோ' என்பதே பதிலாகிவிடுகிறது. புதிதாக வந்தவர் அத்தோடு வாயை மூடிக்கொள்கிறார்.

பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போன் நம்பர் தெரிந்துவிடும். 'டைப்பிங் சந்தேகம் கேட்கப் போய், ராத்திரி 11 மணிக்கு ஹாய் மெசேஜா?' என்று ஒதுங்கிப்போகிறவர்களை எந்தக் கணக்கிலும் நாம் சேர்ப்பதில்லை. பேச்சை எங்கே கூட்டுவது என்று முடிவெடுக்கும் அட்மின்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

சிதறல் புதுசு இல்லை

இது வாட்ஸ்அப் காலத்து வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் தமிழ் இணையத்தின் பெரும்பகுதி பேச்சு யாஹூ குழுமங்களில்தான் நடந்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று இலக்கியம் பேசியவர்கள் ஒரு பக்கம். லினக்ஸைத் தமிழில் கொண்டுவர, 'ஃபைல்' என்பதற்கு என்ன சொல், 'விண்டோ'வுக்கு என்ன சொல் என்று பேசிய தமிழினிக்ஸ் போன்ற குழுக்கள் இன்னொரு பக்கம்.

2019 அக்டோபரில் யாஹூ ஓர் அறிவிப்பு விட்டது. குழுமங்களில் சேர்ந்திருந்த பழைய மடல்களையும் கோப்புகளையும் நீக்கப்போகிறோம் என்றது. 2020 டிசம்பர் 15-ல் சேவையையே மூடிவிட்டது. முன்கூட்டியே நகல் எடுத்து வைத்தவர்களிடம் மட்டும் அந்தப் பேச்சு மிஞ்சியது. அதற்கு முன்பே 2014-ல் ஆர்குட் போனது, 2019 ஏப்ரலில் கூகுள் ப்ளஸ் போனது. ஒவ்வொரு முறையும் நாம் ஜாகை மாற்றினோம். சாமான்களை எடுத்துக்கொண்டு வரவில்லை.

'நாங்க சொந்தமா, சுதந்திரமான இடத்துல இருக்கோம்' என்று நினைத்தவர்களும் தப்பவில்லை. ஓப்பன் சோர்ஸ் உலகம் 20 வருடங்களுக்கும் மேலாக அரட்டை அடித்த இடம் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி வலையமைப்பு. 2021 மே மாதம் அதன் உரிமை தொடர்பாகத் தகராறு வந்து, அதைச் சம்பளம் வாங்காமல் நடத்திவந்த தன்னார்வலர்கள் கூட்டமாக விலகி, லிபெரா சாட் என்று புதிதாக ஆரம்பித்தார்கள். 'நாங்கள் லிபெராவுக்குப் போகிறோம்' என்று தலைப்பில் எழுதி வைத்த நூற்றுக்கணக்கான சேனல்களை ஃப்ரீநோட்டின் புதிய நிர்வாகம் அதே மாதத்தில் கையகப்படுத்தியது. போகிற இடத்தின் முகவரியை வாசலில் எழுதி வைத்ததற்கே இந்த நிலைமை!

ஆகவே, 'எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்துடுங்க' என்று சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இலவச ஸ்லாக் கணக்கில் 2022 செப்டம்பரிலிருந்து கடைசி 90 நாள் பேச்சைத்தான் பார்க்க முடியும். நாலு மாதம் முன்பு சொன்ன பதில் போச்சு.

பாலம் கட்டிப் பார்த்தவர்கள்

சரி, யாரையும் இடம் மாறச் சொல்லாமல் இடங்களை மட்டும் இணைத்தால்? டெலிகிராமில் ஒருவர் அடிப்பது மேட்ரிக்ஸிலும் ஐஆர்சியிலும் அப்படியே போய் விழும். அங்கே வரும் பதில் இங்கே வரும். இதற்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். இந்தியாவின் சுதந்திர மென்பொருள் சமூகமான எஃப்எஸ்சிஐ இப்படித்தான் தன் அரட்டை அறைகளை இணைத்து நடத்திவந்திருக்கிறது. போடரி டாட் காம் என்ற சொந்த மேட்ரிக்ஸ் சர்வர், முடிவெடுக்க கோடிமா என்று தனித் தளம் எனத் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் வலி தெரியும். டெலிகிராமில் ஒருவர் மெசேஜைத் திருத்தினால், அந்தத் திருத்தம் மறுபக்கம் ஒழுங்காகப் போகாது. போட்டோ வெறும் லிங்க்காகப் போய் நிற்கும். யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது குழம்பும். ஸ்பாம் அடிக்கும் ஆளை ஒரு பக்கம் வெளியேற்றினால், இன்னொரு பக்கம் ஜாலியாக உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றுக்கும் மேல், அந்த பாட் ஓடும் சர்வருக்குக் காசு கட்டி, அது செத்துப்போனால் ராத்திரி எழுந்து உயிர் கொடுப்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவர். அவருக்குக் கல்யாணமோ வேலை மாற்றமோ வந்தால் பாலம் இடிந்தது.

பெரிய இடத்துப் பாலமும் நிற்கவில்லை. லிபெரா சாட்டையும் மேட்ரிக்ஸையும் இணைத்த பாலம் கோளாறுகள் காரணமாக 2023 ஆகஸ்ட்டில் நிறுத்தப்பட்டது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். திரும்ப வரவே இல்லை.

ஒரே வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களும் உண்டு. மொசில்லா 1998-லிருந்து நடத்திய தன் ஐஆர்சி சர்வரை 2020 மார்ச்சில் அணைத்துவிட்டு மேட்ரிக்ஸுக்குப் போனது. புதியவர்கள் நுழையத் திணறுகிறார்கள், தொல்லை கொடுப்பவர்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பைத்தான் மொழியை உருவாக்குபவர்களின் முக்கிய மெயிலிங் லிஸ்ட், 2022-ல் டிஸ்கோர்ஸ் தளத்துக்கு நகர்ந்தது. அதே வருடம் க்னோம் திட்டமும் தன் மெயிலிங் லிஸ்ட்டுகளுக்கு விடைகொடுத்து அங்கேயே போனது.

டிஸ்கோர்ஸை இங்கே கவனிக்கக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் அதில் நிரந்தரமான ஒரு முகவரி உண்டு, தேடினால் அகப்படும். 'எனக்கு மெயில்தான் சரிப்படும்' என்பவர், மெயிலிலேயே படித்துப் பதிலும் அனுப்பலாம். அது ஓப்பன் சோர்ஸ் என்பதால், நாளைக்கு ஒத்துவரவில்லை என்றால் மொத்த டேட்டாவையும் தூக்கிக்கொண்டு வேறு சர்வருக்குப் போய்விடலாம். ஆனால் பைத்தான் போல முழுநேர ஆட்களும் பணமும் உள்ள இடத்தில் முடிந்தது, சனி ஞாயிறு மட்டும் நேரம் கிடைக்கிற நம் ஊர்த் தன்னார்வலர்களுக்கு அப்படியே முடியுமா?

நம்ம ஊரில் என்ன நடக்கிறது?

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். 2012 ஜனவரியில் மின்னிதழாகத் தொடங்கிய கணியம், லினக்ஸ், பைத்தான், எஸ்க்யூஎல் என்று எளிய தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது. எல்லாமே பொதுவெளியில், தேடினால் கிடைக்கும்படி. காஞ்சிபுரம் லினக்ஸ் குழு ஞாயிறுதோறும் ஜிட்சியில் இணையக் கூட்டம் நடத்திவந்திருக்கிறது. செயலி எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே நுழையலாம் என்பதால், பிளவக்கல்லுக்கும் காஞ்சிபுரத்துக்கும் அங்கே தூரம் ஒன்றுதான். விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி, மாணவர்களை நேரில் சேர்த்தே வளர்ந்த குழு. தமிழ் லினக்ஸ் கம்யூனிட்டி என்ற பெயரில் பொதுவான கேள்வி-பதில் தளமும் இருக்கிறது.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. தளம் இருக்கிறது, பேச்சு அங்கே போவதில்லை. காரணம் சிம்பிள்: நம் கட்டைவிரல் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. தனியாக ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கி, தலைப்பு யோசித்து, முழு வாக்கியத்தில் கேள்வி எழுதுவது நமக்குப் பரீட்சை எழுதுவது மாதிரி.

இந்த இடத்தில் தமிழர்கள் ஏற்கெனவே ஒரு சிதறலிலிருந்து வெளியே வந்த கதை உதவும். 1990-களில் ஒவ்வொரு தமிழ் இணையதளத்துக்கும் ஒரு ஃபான்ட். அதை டவுன்லோடு செய்யாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இதைத் தீர்க்க, உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு, டாம், டாப் என்று இன்னும் இரண்டைத் தந்தது. ஒன்றாக்கக் கூடியதில் எண்ணிக்கை ஏறியதுதான் மிச்சம்! கடைசியில் ஜெயித்தது யூனிகோடு. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது. ஆனால், அரசாணையைப் படித்துவிட்டா நீங்களும் நானும் யூனிகோடுக்கு மாறினோம்? விண்டோஸிலும் பிறகு போனிலும் அது தானாகவே வந்துவிட்டது. நாம் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் 'எல்லா குரூப்பையும் கலைத்துவிட்டு ஒரே இடம்' என்ற யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவும் எட்டாவது குரூப்பாகத்தான் முடியும். அரட்டை எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும். பதில் மட்டும் ஒரே இடத்தில், திறந்தவெளியில் சேரட்டும். அதைச் சேர்க்கும் வேலை கேள்வி கேட்கும் புதியவருடையது அல்ல, குரூப் நடத்துபவருடையது. டெலிகிராமில் நல்ல பதில் ஒன்று வந்தால், அட்மின் குழுவில் ஒருவர் அதைப் பொதுத்தளத்தில் தமிழ் எழுத்தில், கேள்வியையே தலைப்பாக வைத்துப் பதிவுசெய்து, லிங்க்கைத் திரும்ப குரூப்பில் போடலாம். வாரத்துக்கு இரண்டு கேள்வி என்று வைத்தாலும் வருடத்துக்கு நூறு பதில். அடுத்த முறை அதே கேள்வி வரும்போது பதில் சொல்பவருக்கு ஒரு லிங்க் போதும்.

நீங்களே ஒரு காலேஜ் டெக் குரூப்பின் அட்மினாக இருந்தால், இந்த வாரக் கடைசியில் ஒன்று செய்யலாம். டெலிகிராமின் டெஸ்க்டாப் செயலியில் மொத்த அரட்டையையும் எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது, வாட்ஸ்அப்பிலும் உண்டு. எடுத்து, கேள்விக்குறி உள்ள வரிகளை மட்டும் தேடிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் பத்து கேள்விகள் தானாகவே மேலே வந்துவிடும். அந்தப் பத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அரட்டையை அப்படியே வெளியே கொட்டிவிடாதீர்கள். அதில் மற்றவர்களின் பெயரும் நம்பரும் இருக்கும். பதில் சொன்னவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் விரும்பினால் மட்டும் பெயரைப் போட்டு, பதிலை மட்டும் வெளியிடுங்கள்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் சுதந்திர நாள். உங்கள் கல்லூரியில் வழக்கம்போல போஸ்டர் ஒட்டி, உபுண்டு இன்ஸ்டால் செய்து காட்டுவீர்கள். அந்த போஸ்டரில் இருக்கும் க்யூஆர் கோடு, வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகிறதா, இல்லை அந்தப் பத்து பதில்கள் இருக்கும் பக்கத்துக்குப் போகிறதா என்று ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிடுங்கள்.