பிணைப்பில் மொழிக்குப் பங்கில்லையா?

“மொழி வெறும் கருவி. வடிவமைப்புச் சரியாக இருந்தால் எந்த மொழியிலும் வகுப்புகளைத் தளர்வாகப் பிணைக்கலாம்.” மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டே வளர்கிறார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்விலும் இதையே ஒப்புவிக்கிறார்கள். நான் இதை முழுமையாக மறுக்கிறேன். ஒரு வகுப்பு இன்னொன்றைப் பற்றி எவ்வளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதில், அதாவது பிணைப்பில், நிரலர் முடிவெடுக்க முன்பே மொழி பாதி முடிவை எடுத்துவிடுகிறது.

எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். பிறிமா ஆலைக்குக் கோதுமை வருகிறது. டோக்கியோ சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு எரிபொருள். இவற்றைக் கொண்டுவரும் கப்பல்களின் துறைமுகக் கட்டணத்தைக் கணக்கிடும் வகுப்பொன்றை ஜாவாவில் எழுதுகிறோம் என்று வையுங்கள். அதற்குத் தேவை கப்பலின் தொன் அளவு மட்டுமே. ஆகவே அதை மட்டும் கேட்கும் இடைமுகம் ஒன்றை எழுதுகிறோம். ஆனால் கப்பல் வகுப்பு வேறொரு நிறுவனத்தின் நூலகத்திலிருந்து வருகிறது. நமக்கு வேண்டிய முறை அதே பெயரில், அதே வடிவில் அதற்குள் இருக்கிறது. இருந்தும் தொகுப்பி ஏற்க மறுக்கிறது. காரணம், அந்த வகுப்பு நம் இடைமுகத்தின் பெயரைச் சொல்லி அறிவிக்கவில்லை. இடையில் ஒரு அடாப்டர் வகுப்பை எழுத வேண்டியதுதான். அது இரு பக்கத்தையும் அறிந்திருக்கும். எந்தப் பக்கம் மாறினாலும் அதையும் திருத்த வேண்டும்.

2009இல் வெளிவந்த கோ மொழியில் இந்தத் தொல்லை இல்லை. முறையின் பெயரும் வடிவமும் பொருந்தினால் போதும். நம் நாட்டு டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய பலரீனா மொழியும் இடைமுகத்தின் பெயரை விட்டு வடிவத்தைத்தான் பார்க்கிறது. ஜாவாகூட 2014இல், எட்டாம் பதிப்பில், லாம்டாவைச் சேர்த்தது. அதன்பின் முழுக் கப்பலையும் கொடுக்காமல், தொன்னைச் சொல்லும் முறையை மட்டும் கட்டண வகுப்பிடம் கொடுக்க முடிந்தது. அந்த வருடம் நிரலர்களின் திறமை திடீரென்று கூடவில்லை. மாறியது மொழி.

மரபுரிமையிலும் இதே கதைதான். ஜாவாவில் தடுக்காவிட்டால் எந்த வகுப்பையும் நீட்டலாம். கொட்லினில் அனுமதித்தால் மட்டுமே நீட்டலாம். தாய் வகுப்பின் உள்வேலையை நம்பி எழுதிய சேய் வகுப்பு, தாய் மாறும்போது உடையும். இரவு இரண்டு மணிக்கு, காலையில் ஒப்படைக்க வேண்டிய வேலையோடு இருப்பவர் மொழி எளிதாக்கியதைத்தான் செய்வார். அதை அவருடைய ஒழுக்கக் குறைவு என்று சொல்வது அநியாயம்.

வடிவமைப்பே போதும் என்போர் கையில் ஏந்தும் நூல், காமாவும் மற்ற மூவரும் 1994இல் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’. அதன் அறிமுக அத்தியாயமே மொழித் தேர்வு முக்கியம் என்கிறது. தாங்கள் கருதியது ஸ்மால்டாக், சி++ தரும் வசதிகளை என்றும் ஒப்புக்கொள்கிறது. 1996இல் பீட்டர் நார்விக், அதிலுள்ள 23 வடிவமைப்பு மாதிரிகளில் 16 லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் எளிதாகிவிடுகின்றன அல்லது மறைந்தே போகின்றன என்று காட்டினார். அப்படியானால் நாம் மனப்பாடம் செய்யும் ‘நல்ல வடிவமைப்பில்’ பெரும்பங்கு மொழியின் குறைக்குப் போட்ட ஒட்டு.

மொழி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. உதாரணமாக, கிறொஸ் தொனேஜ் என்பது கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும். டெட்வெயிற் என்பது அது தாங்கும் பாரத்தை. இரண்டும் ஒரே எண் வடிவில் வந்தால் வடிவத்தைப் பார்க்கும் மொழி இரண்டையும் ஏற்கும், கட்டணம் பிழைக்கும். பைத்தனில் கேட்கும் முறை இல்லவே இல்லாவிட்டாலும், அது நிரல் ஓடும்போதுதான் தெரியும். பிணைப்பு எங்கே ஒளிந்துகொள்கிறது, அதை எப்போது கண்டுபிடிப்போம் என்பதையும் மொழிதான் தீர்மானிக்கிறது.

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்திலும் மற்ற இடங்களிலும் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே கட்டணக் கணக்கை ஜாவா, கோ, பைத்தன் மூன்றிலும் எழுதச் சொல்லுங்கள். பிறகு கப்பல் வகுப்பில் ஒன்றை மாற்றி, ஒவ்வொன்றிலும் எத்தனை கோப்புகளைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று மாணவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.